புளோயரை நிறுத்தச் சொல்லுமுன்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் பொறுப்பில் இருப்பவர்களே, முதலில் ஒரு கேள்வி. உங்கள் எஸ்.டி.பி.யின், அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின், காற்றடிக்கும் புளோயரை ராத்திரியில் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருந்தால், இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஆபரேட்டருக்குப் போன் போட்டு, இன்றிலிருந்து நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த நேரத்தில் நின்றிருந்தால், முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, தொட்டி அருகே யாரும் குனிந்து நிற்காமல் பார்த்துக்கொண்டு, பிறகு ஓட்டச் சொல்லுங்கள். அசையாமல் கிடந்த கழிவுநீரைத் திடீரென்று கலக்கும்போதுதான் அதில் கரைந்து கிடக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு மொத்தமாக வெளியே வரும்.

ஏன் நிறுத்தச் சொன்னீர்கள் என்பது தெரிந்ததுதான். சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று கீழ்த்தளத்துக்காரர் புகார் கொடுத்திருப்பார். பொதுப்பகுதி மின்கட்டணம் எகிறியிருக்கும். மெயின்டனன்ஸ் தொகையைக் கூட்டாமல் வருஷத்தை ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு டைமர் வாங்கி மாட்டியதும் எல்லாம் ஒரே நாளில் தீர்ந்தது. பொதுக்குழுவில் கைதட்டலும் கிடைத்திருக்கும். ஆனால் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பது என்ன? நன்றாக ஓடும் ஏரேஷன் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு ஆக்சிஜன் கரைந்திருக்கும். காற்று நின்றால் அது மணிக்கணக்கில் தாங்காது, சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு விடியும்வரை அங்கே மூச்சுமுட்டல்தான். வடிவமைப்பிலேயே விட்டுவிட்டுக் காற்றடிக்கும் எஸ்.பி.ஆர். போன்ற வகைகளைச் சொல்லவில்லை. அவற்றுக்குக் கணக்கு வேறு. கணக்கே இல்லாமல் கரண்ட் பில்லைப் பார்த்து நிறுத்துகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன்.

யாருக்கு மூச்சுமுட்டுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே அந்த நிலையத்துக்கு முதலாளியாக இருக்கிறோம். மோட்டார், பைப், பம்ப், பேனல் போர்டு எல்லாம் சேர்ந்த இயந்திரம் என்று நினைக்கிறோம். அழுக்கைத் தின்பது இயந்திரம் அல்ல. 1914-ல் இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரின் டேவிஹியூம் கழிவுநீர் நிலையத்தில் எட்வர்ட் ஆர்டனும் வில்லியம் லாக்கெட்டும் இதை உலகுக்குக் காட்டினார்கள். சாக்கடை நீரைப் பாட்டிலில் ஊற்றிக் காற்றடித்தார்கள். சுத்தமாவதற்கு வாரக்கணக்கில் ஆனது. தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, அதன்மேல் புதுச் சாக்கடையை ஊற்றி மறுபடி காற்றடித்தார்கள். திரும்பத் திரும்ப இதைச் செய்யச் செய்ய, வாரக்கணக்கில் ஆன வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது. அந்தக் கசடுதான் வேலைக்காரன். அதற்குள் கோடிக்கணக்கான பாக்டீரியா. அவற்றை மேய்ந்து வாழும் இன்னொரு கூட்டம் உண்டு. ஒற்றைச் செல் உயிர்கள், பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியவை, பள்ளிக்கூட நுண்ணோக்கியிலேயே தெரிபவை. உங்களோடு பேசத் தயாராக இருப்பது இந்த இரண்டாவது கூட்டம்.

1968-ல் காலின் கர்ட்ஸும் அவருடன் வேலை செய்தவர்களும் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். சிறிய மாதிரித் தொட்டிகளில் பாக்டீரியாவை மட்டும் விட்டு, மயிர்போன்ற குறுயிழைகளால் நீந்தும் உயிர்களை விடாமல் ஓட்டினார்கள். வெளியே வந்த நீர் கலங்கலாகவே இருந்தது. குறுயிழை உயிர்களை உள்ளே விட்டதும் நீர் தெளிந்தது. கசடோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் பாக்டீரியாவைப் பிடித்துத் தின்று நீரைத் தெளிய வைப்பவை இவைதான். ஆகவே இவை இருக்கின்றனவா, எந்த வகை இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தாலே தொட்டியின் உடம்பு தெரிந்துவிடும்.

நாம் என்ன செய்கிறோம்? மாதம் ஒருமுறை ஒரு கேனில் நீரைப் பிடித்து லேபுக்கு அனுப்புகிறோம். பி.ஓ.டி., அதாவது நீரிலுள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு, பார்க்க நம் நாட்டு முறைப்படி 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். மாதிரி எடுத்துப் போய், சோதித்து, அச்சடித்து, மின்னஞ்சலில் ரிப்போர்ட் வந்து சேர ஒரு வாரம் ஆகிவிடும். அதற்குள் தொட்டி செத்துப் பிழைத்திருக்கும், அல்லது சாகவே செய்திருக்கும். மாடு வைத்திருப்பவர் பால் சொசைட்டிச் சீட்டு வரட்டும் என்று காத்திருப்பதில்லை. விடிந்ததும் மாட்டின் கண்ணையும் சாணத்தையும் பார்க்கிறார். லேப் ரிப்போர்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டத்துக்கு அது வேண்டும், உண்மைக்கும் வேண்டும். ஆனால் அது போன வாரத்தைச் சொல்லும். ஒரு சொட்டு ஏரேஷன் நீர் இந்தக் காலை நிலவரத்தைச் சொல்லும், அதுவும் பத்து நிமிடத்தில்.

வோர்ட்டிசெல்லா என்று ஓர் உயிர். பிளஸ் டூ விலங்கியல் படித்தவர்களுக்குப் பெயர் நினைவிருக்கலாம். தலைகீழாகத் திருப்பிய மணி போன்ற உடல், அடியில் நீளமான காம்பு, காம்பின் நுனி கசடுத் துணுக்கில் ஒட்டியிருக்கும். மணியின் விளிம்பில் குறுயிழைகள் சுழன்று நீரோட்டம் உண்டாக்கிப் பாக்டீரியாவை வாய்க்குள் இழுக்கும். ஏதாவது மேலே பட்டால் காம்பு ஸ்பிரிங்போலக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சுருண்டு, பிறகு மெல்ல நீளும். இதை ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்தவர் தன் எஸ்.டி.பி.யைச் சாக்கடைத் தொட்டி என்று மறுபடி சொல்லமாட்டார். 1670-களில் ஹாலந்துத் துணி வியாபாரி லேவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த ஒற்றை லென்ஸால் இதே மணிகளைப் பார்த்துக் கடிதம் எழுதியிருக்கிறார். உங்களிடம் இருக்கப்போவது அதைவிடச் சௌகரியமான கருவி.

காம்புள்ள இந்த மணிகளும், கசடின்மேல் எறும்புபோல ஊர்ந்து மேயும் அஸ்பிடிஸ்கா போன்றவையும் நிறைய இருந்து, வாய் விரிந்து சுறுசுறுப்பாகச் சுழன்றால், காற்று போதுமானது, கசடு பக்குவமானது, வெளியேறும் நீர் தெளிவாக இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். காற்று குறைந்தால் இதே வோர்ட்டிசெல்லா என்ன செய்யும் தெரியுமா? உடலின் பின்பக்கத்தில் புதிதாக ஒரு குறுயிழை வளையத்தை வளர்த்து, காம்பை விட்டுவிட்டு நீந்திப் போய்விடும். வீட்டைக் காலிசெய்துவிட்டது என்று அர்த்தம். கசடில் வெறுங்காம்புகள் மட்டும் நிற்பதைப் பார்த்தால் அன்றைக்கே புளோயரையும், காற்றைக் குமிழிகளாக்கும் டிஃப்யூசரையும் சோதியுங்கள். வோர்ட்டிசெல்லாவிலேயே ஒரு சாதி, வாய் குறுகி உடல் உப்பியது, காற்றுக் குறைவைத் தாங்கிக்கொண்டு வாழும். அதுமட்டும் தொட்டியை ஆள்கிறது என்றால் மணியைக் கண்ட மகிழ்ச்சியில் ஏமாந்துவிடக் கூடாது. இந்த நுணுக்கம் பழகப் பழகத்தான் வரும். முதல் மாதமே எல்லாம் தெரிய வேண்டும் என்பதில்லை.

காம்புள்ளவை காணாமல்போய், பாரமீசியம்போலக் கட்டற்று நீந்துபவை மட்டும் பெருகினால் தொட்டிக்கு வரும் சுமை கூடியிருக்கிறது, அல்லது கசடு இன்னும் இளசு. அதற்கும் கீழே, சாட்டையை வீசி விறுவிறுவென்று துடிக்கும் சின்னஞ்சிறு கசையிழை உயிர்கள் மட்டுமே இருந்தால் நிலைமை மோசம். தொடங்கிய முதல் வாரங்களில் இது இயல்பு. வருஷக்கணக்கில் ஓடிய தொட்டியில் திடீரென்று இப்படியானால் யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள், அல்லது காற்று நின்றிருக்கிறது. மறுகோடியில், பல செல் உடம்பும் தலையில் சக்கரம் சுழல்வதுபோலத் தோற்றமும் கொண்ட ரோட்டிஃபர்கள் நிறைந்து, கசடு கருத்து, மேலே பழுப்பு நுரை படர்ந்தால், கசடு கிழடு தட்டிவிட்டது. தேவையான அளவு வெளியேற்றாமல் சேர்த்து வைத்திருக்கிறீர்கள்.

இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் பவோலோ மதோனி 1994-ல் இதையெல்லாம் 0 முதல் 10 வரை மதிப்பெண் தரும் அட்டவணையாக்கினார். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தொட்டி நலம், 3 அல்லது அதற்குக் கீழே போனால் அபாயம். நல்ல கருவிதான். ஆனால் சித்திரை வெயிலில் வெந்நீர்போலச் சூடேறும் நம் தொட்டிக்கு ஐரோப்பிய அட்டவணையை எழுத்துப் பிசகாமல் பொருத்த முயலாதீர்கள். மைக்ரோத்ரிக்ஸ் என்ற இழைப் பாக்டீரியாவை ஐரோப்பியக் கையேடுகள் பக்கம் பக்கமாகப் பேசும். அது குளிர்நாட்டுத் தலைவலி. உங்களுக்கு வேண்டியது மதிப்பெண்ணைவிட உங்கள் தொட்டியின் சொந்த வரலாறு. நீர் தெளிவாக இருந்த வாரங்களில் யார் இருந்தார்கள், கலங்கிய வாரத்தில் யார் போனார்கள் என்ற பதிவு.

இழைப் பாக்டீரியா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் கண்ணாடிச் சிலிண்டரில் ஏரேஷன் நீரைப் பிடித்து 30 நிமிடம் வைத்துப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கசடு 300 மில்லியில் தங்கி, தொட்டியில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் கசடு இருந்தால், ஒரு கிராம் கசடு எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்ற குறியீடு 100, நல்லது. அதே கசடு 600 மில்லியில் நின்றால் 200. கசடு பொதபொதவென்று உப்பி, கசடைப் படியவைக்கும் கிளாரிஃபையரைத் தாண்டி வெளியே வழியப்போகிறது. சிலிண்டர் இதைச் சொல்லும்போது காரியம் கைமீறத் தொடங்கியிருக்கும். நுண்ணோக்கியோ முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். கசடுத் துணுக்குகளிலிருந்து முடிபோல இழைகள் வெளியே நீண்டு, ஒரு துணுக்கை அடுத்ததோடு பின்னத் தொடங்கியிருக்கும். அந்த இழைகளில் சில காற்றுக் குறைவில் கொழிப்பவை. பெஜ்ஜியடோவா என்ற இழை, உடலுக்குள் கந்தகத் துளிகள் மின்ன நெளிந்து போகும். அதைக் கண்டால் உங்கள் அமைப்பில் எங்கோ சல்ஃபைடு ஊறிக்கொண்டிருக்கிறது. இதைப் படிக்கத் தெரியாத இடங்களில் படிகாரத்தையும் குளோரினையும் கொட்டுகிறார்கள். காற்றுக் குறைவுக்கு மருந்து காற்றுதான்.

பெரிய நகராட்சி நிலையத்தைவிட நம் சின்னத் தொட்டி நோஞ்சான். ஒரு நகரத்தில் ஒரு தெரு ஊருக்குப் போனால் தெரியாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னைக் குடியிருப்பில் பாதி வீடுகள் பூட்டினால் தொட்டி பட்டினி. எல்லாரும் ஒரே ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை அத்தனை வாஷிங் மெஷினும் ஓடினால் திணறல். பண்டிகைக்கு முந்தைய வாரம் எல்லா வீட்டுக் குளியலறையிலும் ஆசிடும் ப்ளீச்சிங் பவுடரும் ஒரே சமயத்தில் இறங்கும். அதே வாரத்தில் சம்ப்பையும் மேல்நிலைத் தொட்டியையும் கழுவிய குளோரின் நீரையும் கீழே திறந்துவிடுவோம். இதில் முதலில் சாவது குறுயிழை உயிர்கள். பாக்டீரியா சில மணி நேரத்தில் பெருகி மீளும். மேய்பவை மீள நாள்கள் ஆகும். அதுவரை கலங்கல் நீர்தான். பிறகு ஒருவர் வந்து ரெண்டு கூடை சாணியைக் கரைத்து ஊற்றச் சொல்வார். மாட்டின் வயிற்றில் காற்றில்லாமல் வாழ்ந்த பாக்டீரியா உங்கள் காற்றுத் தொட்டியில் என்ன சாதிக்கும் என்று யோசியுங்கள். நன்றாக ஓடும் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து சில கேன் ஏரேஷன் கசடு கேட்டு வாங்கி ஊற்றுவது மேல். கேட்க வெட்கப்படாதீர்கள், கொடுப்பவர்களும் கணக்குப் பார்க்காதீர்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொட்டியில் வோர்ட்டிசெல்லா ஆடுகிறது என்பதால் வெளிவரும் நீர் கிருமியற்றது என்று ஆகாது. மலக் கிருமி இருக்கிறதா என்று காட்டும் ஈ.கோலி வகைச் சோதனை தனி, அது லேபில்தான் நடக்க வேண்டும். ஃபிளஷ் தொட்டிக்கும் தோட்டத்துக்கும் திருப்பி அனுப்பும் நீரைக் குழந்தைகள் தொடுவார்கள். 2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த விதி, பெருநகரங்களில் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமையும், மலக்கோலி (மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா) 100 மில்லிக்கு 1,000 என்ற எண்ணையும் தாண்டக் கூடாது என்றது. 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இன்னும் இறுக்கச் சொன்னது. குளோரின் போட்டு மலக்கோலி எண்ணை இறக்கிவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. கலங்கிய நீரில் குளோரினை அழுக்கே தின்றுவிடும். தெளிய வைக்கும் உயிர்களைக் காப்பாற்றாமல் கடைசித் தொட்டியில் எதைக் கொட்டியும் பயனில்லை.

இனி, எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். லாக் புக். எத்தனையோ குடியிருப்புகளில் அதைப் புரட்டிப் பாருங்கள். மாதம் முழுக்க பி.எச். 7.2, ஆக்சிஜன் 2.0, நீர் தெளிவு, வாடை இல்லை. முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே மசி, ஒரே உட்காரலில் எழுதியது. ஆக்சிஜன் மீட்டரே இல்லாத இடத்திலும் 2.0. இந்தப் பொய்யை எழுதியது ஆபரேட்டரின் கை. எழுத வைத்தது நாம். ஒடிசாவிலிருந்தோ பிகாரிலிருந்தோ, நம் தென்மாவட்டத்திலிருந்தோ வந்த இளைஞர் அவர். புளோயர் அறைக்குப் பக்கத்திலேயே படுத்து, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறார். நிறுத்தச் சொல்வது நாம், தெளிவாக இருந்ததாக எழுத வேண்டியது அவர். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அவர். ஒரு மனிதருக்குச் சம்பளம் கொடுத்துப் பொய்சொல்லப் பழக்குவது சின்னக் குற்றமா?

பொய்யின் முடிவு காகிதத்தோடு நிற்பதில்லை. காற்றில்லாத தொட்டியில் சல்ஃபைடு ஊறும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு, 100 பி.பி.எம். அளவுக்கு ஏறும்போது மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர் 500-ஐத் தாண்டிய காற்றை இழுத்தால் திரும்ப ஏறிவர மாட்டார். காப்பாற்றப் பின்னால் குதிப்பவரும் அப்படியே. கழிவுநீர்க் குழாயிலும் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று உயர்த்தியது. நீங்கள் மிச்சப்படுத்திய கரண்ட் பில்லை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். வைத்துப் பார்க்கும் எண்ணமே அசிங்கம். எந்த அடைப்பானாலும், எந்த மோட்டார் விழுந்தாலும், எவ்வளவு அவசரமானாலும், யாரையும் தொட்டிக்குள் இறங்கச் சொல்லாதீர்கள். தானாக இறங்க முன்வந்தாலும் தடுங்கள்.

தொட்டிக்கு வெளியேயும் ஆள்கள் இருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையோரம் பாதாளச் சாக்கடை எட்டாத காலத்திலேயே குடியேறியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நிறைந்த தொட்டியை உறிஞ்சிய லாரி எங்கே போய்க் கொட்டியது என்று நாம் கேட்கவில்லை. மழை நாளில் யாரோ வால்வைத் திறந்து மழைநீர் வடிகாலில் விட்டபோதும் கேட்கவில்லை. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்ததற்குப் பெருமைப்பட்டோமே, அந்தப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் அப்படிப்பட்ட வடிகால்களின் கோடியில்தான் இருக்கிறது. சதுப்புநிலத்துக்கு வரும் பூநாரைகளைப் படமெடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடும் அதே கையால் டைமரைத் திருப்பாதீர்கள்.

செய்ய வேண்டியது கடினமில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் மாணவர் நுண்ணோக்கி ஒன்று, 100 மடங்கும் 400 மடங்கும் காட்டுவது, போதும். கண்ணாடிச் சில்லுகள், மூடுசில்லுகள், சொட்டுக்குழாய், கையுறை. வாரத்தில் இரண்டு நாள், எப்போதும் ஒரே நேரத்தில், புளோயர் ஓடும்போது ஏரேஷன் தொட்டியின் ஒரே இடத்திலிருந்து பாதி பாட்டில் நீர். பாட்டிலை நிரப்பாதீர்கள், உள்ளே காற்று இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் பாருங்கள், தாமதித்தால் பாட்டிலுக்குள்ளேயே மூச்சுமுட்டித் தொட்டியின் நிலையை அல்ல, பாட்டிலின் நிலையைத்தான் காண்பீர்கள். ஒரு சொட்டு, மூடுசில்லு, பத்து நிமிடம். கண்ணில் பட்டதைப் பெயர் தெரியாவிட்டாலும் படமாக வரைந்து வையுங்கள். கண்வில்லையில் செல்போனை வைத்து வீடியோ எடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உங்கள் பிளாக்கிலேயே ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர் இருப்பார், ஒரு நாள் கீழே வரச் சொல்லிக் கேளுங்கள், ஆசையோடு வருவார். பள்ளிப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.

ஆனால் முதலில் கண்வைக்க வேண்டியவர் ஆபரேட்டர். அவர் பெயர் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். தம்பி என்றோ பாய் என்றோ பொதுவாகக் கூப்பிட்டது போதும். பழக அவருக்கு நேரம் கொடுங்கள், அந்த நேரத்தில் தோட்ட வேலைக்கு அனுப்பாதீர்கள். காம்புள்ளவை குறைகின்றன என்று அவர் சொன்னால், யாரிடமும் அனுமதி கேட்காமல் காற்றைக் கூட்டும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். கெட்ட செய்தி கொண்டுவந்ததற்காகத் திட்டாதீர்கள். கெட்ட செய்தி வரும் குடியிருப்புதான் நன்றாக ஓடும் குடியிருப்பு. புளோயர் சத்தம் பிரச்சினையென்றால் சைலன்சரும் சத்தம் தடுக்கும் உறையும் போடுங்கள். கரண்ட் பிரச்சினையென்றால் அடைத்துக் கிடக்கும் டிஃப்யூசர்களை மாற்றுங்கள், காற்று அங்கேயும் வீணாகிறது. இரண்டுக்கும் பணம் ஆகும். அதைப் பொதுக்குழுவில் கேளுங்கள், மறைக்காமல் கேளுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெயின்ட் நிறத்தையும் ஜிம் உபகரணத்தையும் பேசுமுன், பழைய லாக் புக்கை மேசையில் வைத்து, இதில் பாதி பொய் என்று நீங்களே சொல்லுங்கள். ஆபரேட்டர் மேல் பழி போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது நோட்டு ஒன்றை அவர் கையில் கொடுத்து, தெரியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்றும், அளக்காத இடத்தில் ‘அளக்கவில்லை’ என்றும் எழுதச் சொல்லுங்கள். திங்கள் காலை முதல் சொட்டை அவரோடு சேர்ந்து பாருங்கள். அதில் என்ன தெரிந்தாலும், ஒன்றுமே உயிரோடு இல்லாவிட்டாலும், அதை அப்படியே லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.